பின்சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர்

மூன்று தடவை மாறுதல் வந்தும் மூன்று தடவையும் யாரையோ பிடித்து அதை ரத்து செய்துகொண்டு கொம்புக்கரையிலேயே பிரேக் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்திருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலக நாற்காலியிலேயே நெஞ்சடைத்துச் செத்துப்போன தஸ்நேவிஸுக்கு, முப்பதாம் நாள் பூசை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, எல்லோரும் கை கழுவிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் பால் சொசைட்டித் தலைவர் சுடலைமுத்து தன் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே தஸ்நேவிஸ் உட்கார்ந்திருந்தார். தேய்த்த மடிப்புக் கலையாத காக்கி யூனிபார்ம். தொப்பி மடியில். இடப்பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டில் குழம்பு சரியில்லாத நாளில் பார்ப்பாரே, அந்த மாதிரி. சுடலைமுத்து அரை நிமிஷம் யோசித்தார். "சாரைத் தள்ளி உக்காரச் சொல்ல முடியாது, நீ முன்னாடி ஏறு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் நாற்பத்தொரு வண்டிகளில் தஸ்நேவிஸ் உட்கார்ந்திருந்தார், மாசம் முடிவதற்குள் நானூறு சொச்சத்தில், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில், எல்லாவற்றிலும் இடப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி. பள்ளிக்கூட வேனின் கடைசி பெஞ்சில் இருந்தார், வாழைத்தார் ஏற்றுகிற வண்டியில் தார்களுக்கு நடுவில் சப்பணம் போட்டு இருந்தார், கல்யாணக் காரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். பேசமாட்டார், அசையமாட்டார். சாய்ந்தால் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையின் தலையணையில் சாய்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து தீர்த்தம் தெளிக்கச் சொன்னார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேயா இருந்தா ஓட்டலாம், கவர்மெண்ட் ஊழியரை எப்படிய்யா ஓட்டுறது" என்று தீர்த்தச் செம்பை மூடிவிட்டார். அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள். இறந்த ஊழியர் பணியில் இருப்பதாகக் கருத இயலாது என்று பதில் வந்தது.

விஷயம் இன்னதென்று கண்டுபிடித்தது மெக்கானிக் சிக்கந்தர். சார் உட்கார்ந்த வண்டிகளை ஒவ்வொன்றாக ராம்பில் ஏற்றிப் பார்த்ததில் ஒன்றுக்கு பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு இரும்பை உரசிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு ஸ்டியரிங் ராடு கயிறு கட்டி நின்றது, இன்னொன்றுக்குத் தரைத்தகடே இல்லாமல் கோணிச் சாக்கு விரித்துத் தார் பூசியிருந்தது. பதினைந்து வருஷம் ஓடிய காரை மைதானத்துக்குக் கொண்டுபோய், ஓட்டிக் காட்டி, பிரேக்கை அழுத்திக் காட்டி, அடியில் குனிந்து பார்க்க வைத்து, இன்னும் ஓடலாம் என்று எஃப்.சி. கையெழுத்து வாங்க வேண்டும். வாடகைக் காருக்கு அதை வருஷா வருஷம் வாங்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பார்க்கிறவர் என்பதால்தான் ஊரில் அவருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் என்று பேர். சிக்கந்தர் டீக்கடையில் நின்று, கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான்: "சார் பாத்துக் கையெழுத்துப் போட்ட வண்டியில சார் இல்ல. பாக்காமப் போட்ட வண்டியிலதான் இருக்காரு."

ஒருத்தருக்கும் ஆச்சரியமில்லை. வேப்பமரத்தடியில் மேஜையைப் போட்டு, ஏஜெண்டுகள் கொண்டுவருகிற காகிதங்களில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்ததும், வண்டிகள் பாட்டுக்கு அவரவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்ததும் ஊருக்குத் தெரிந்ததுதானே. பழுதை எல்லாம் சரிபண்ணினால் இறங்கிவிடுவார் என்று சிலர் செலவு செய்து பார்த்தார்கள். இறங்கவில்லை. போட்ட கையெழுத்து போட்டதுதான்.

ஆகவே ஊர் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் தொப்பிமேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். போக்குவரத்துப் போலீஸ் ஆள் அதிகம் என்று எண்ணும்போது அவரையும் ஒரு தலையாக எண்ணினார்கள். வாடகைக் கார் டிரைவர்கள் "நாலு பேர், சாரோட சேத்து அஞ்சு" என்று பேசி ஏற்றினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் அவர் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்கள். சார் இருக்கிற வண்டிக்காரர்கள் எல்லோரும் பயந்து பயந்து, ரெண்டாம் கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, மாசத்துக்கு ஒருதரம் சிக்கந்தரிடம் பிரேக்கைக் காட்டி ஓட்டினார்கள். அந்த ஒரு வருஷத்தில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றுகூட எங்கேயும் மோதவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது வேறொன்றை. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அதன் சரித்திரம் தெரியவேண்டுமானால் இனிமேல் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், எஃப்.சி. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டாம், பின்கதவைத் திறந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்கு ஒரு முறையும் வந்துவிட்டது. வளர்பிறையில் போக வேண்டும். இடக்கதவைத் திறந்து பார்க்க வேண்டும், வலக்கதவைத் திறந்து பார்க்க வேண்டும், பின்கண்ணாடி வழியாக ஒருதரம். வீட்டில் மூத்த பொம்பளை உள்ளங்கையை சீட்டில் வைத்துத் தடவ வேண்டும். ஆள் இல்லையென்றால் புரோக்கர் "சுத்தம்!" என்று தெரு கேட்கச் சத்தம் போடுவான். நிற்கிறவர்களும் சேர்ந்து "சுத்தம்" என்பார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும். சுத்த வண்டி வாங்கியவன் அன்றைக்கே மூன்றாம் கியரில் ஊரைச் சுற்றி வருவான், எல்லோரையும் முந்திக்கொண்டு.

இதெல்லாம் நடக்கிற ஊரில்தான் தஸ்நேவிஸின் பெண்டாட்டி மெற்றில்டா குடியிருந்தாள்.

ஒருத்தரும் அவளைக் குத்திக்காட்டவில்லை, அதுதான் கொடுமை. குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் கொடுப்பதற்கு அவளிடம் வாய் இருந்தது, அந்தத் தெருவில் அதைவிட நீளமான வாய் கிடையாது. அவர்களோ அன்பாகத் தகவல் சொன்னார்கள். "அக்கா, நேத்து சார் எங்ககூட குற்றாலம் வந்தாரு. குளிக்கத்தான் இறங்கல." "டீச்சர்மாதிரி இருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்களேன், எங்க வண்டியில கொஞ்சம் வலதுபக்கமா உக்காரச் சொல்லி, என் மாமியாருக்கு அந்தப் பக்கம்தான் வாந்தி வராது." மெற்றில்டா கதவைச் சாத்துவாள். சார் இருக்கிற வண்டியில் அவள் ஏறவில்லை. கோவிலுக்கு நடந்தாள், மார்க்கெட்டுக்கு நடந்தாள். எதிரே வருகிற ஒவ்வொரு காரின் பின்சீட்டிலிருந்தும் தன் புருஷனின் முகம் அவளைப் பார்க்காமல் போவதைப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் முப்பது வருஷம் அந்தக் காக்கியைத் துவைத்தவள். பக்கத்து வீடுகளில் ஒர்க்‌ஷாப் சட்டையை மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துக் கை வெந்துபோகிறபோது, இவள் வீட்டுக் காக்கியில் ஒரு சொட்டுக் கிரீஸ் கிடையாது, முழங்காலில் ஒரு மண் தடம் கிடையாது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டிய மனுஷனின் முழங்கால் எப்படி இத்தனை சுத்தமாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காதது போகட்டும், பெருமையாக வேறு இருந்தது. இப்போது இந்த ஊரே அந்த முழங்காலைப் பார்க்கிறது.

மகள் டெல்பின் மட்டும் வேறு மாதிரி. அவள் மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஒன்பது வளைவு இறங்கி வர வேண்டும். வேண்டுமென்றே அப்பா இருக்கிற வண்டியாகப் பார்த்துக் கைகாட்டி ஏறுவாள், அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வீடு வருவாள். "இன்னைக்கு டாடி பக்கத்துல இடம் கிடைச்சுது மம்மி" என்பாள். மெற்றில்டா தட்டை நங்கென்று வைப்பாள்.

மழைக்காலத்தில் பாறை விழுந்ததைச் சாக்கு வைத்து மலைக்குப் போகிற ரெண்டு பஸ்ஸில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்வந்த டெல்பின் ஒருநாள் முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது, சின்னதாக ஒரு பழைய கார் வாங்கிவிடுவதென்று.

குணசீலன் ஆட்டோ கன்சல்டிங் என்று போர்டு போட்ட தகரக் கொட்டகையில் பதின்மூன்று கார்கள் வரிசையாக நின்றன. பன்னிரண்டில் தஸ்நேவிஸ். பன்னிரண்டு பேரும் இடப்பக்கம் பார்த்தபடி. மெற்றில்டா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடன்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி விறுவிறுவென்று அந்த வரிசையைக் கடந்தாள்.

"வாங்கம்மா, வாங்க" என்று குணசீலன் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்தான். "உங்களுக்கு நான் காட்டவா வேணும்? எல்லாம் உங்க வீட்டு ஆளுதான்."

"வாயை அளந்து பேசு. ஆள் இல்லாத வண்டி இருந்தாக் காட்டு, இல்லாட்டி நான் போறேன்."

"இருக்கு, இருக்கு. கடைசியில நிக்குது பாருங்க, வெள்ளை. நேத்துதான் வந்துச்சு. நீங்க கேப்பீங்கன்னு எவனுக்கும் காட்டாம வச்சிருக்கேன்."

"நேத்து வந்த வண்டியை நான் இன்னைக்குக் கேப்பேன்னு உனக்குக் கனவு வந்துச்சாக்கும்."

இதற்குள் டெல்பின் வரிசையின் நடுவே ஒரு சிவப்புக் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் காலர் ஓரத்தை நீவிவிட்டாள். "மம்மி, இதை எடுப்போம்" என்றாள்.

"ஏட்டி, இறங்கு."

"டாடி இருக்காருல்லா."

"அதனாலதான் சொல்லுதேன், இறங்கு. அந்த மனுசன் பாக்காமத் தள்ளிவிட்ட வண்டி அது."

"பாக்காமத் தள்ளினதுன்னு நமக்குத் தெரியுதுல்லா மம்மி. தெரிஞ்சா சரி பண்ணிக்கிடலாம். சிக்கந்தர் அண்ணன்கிட்ட ரெண்டு நாள் விட்டா எல்லாம் மாத்தித் தந்துருவாரு. நானும் மெதுவாத்தான் ஓட்டுவேன், டாடி கூட இருந்தா வேகமா ஓட்டவா தோணும்?"

மெற்றில்டாவுக்கு அந்தப் பேச்சில் இருந்த நியாயம் தெரியாமலில்லை. தெரிந்துதான் கோபம் அதிகமானது. அந்தச் சிவப்புக் காரை வாங்கினால் அது தன் வாசலில் நிற்கும். காலையில் கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தால் அந்த முகம், மத்தியானம் துணி காயப்போட்டால் அந்த முகம், பழுதெல்லாம் பார்த்தாலும் இறங்காமல், சாகிறவரைக்கும் அந்த முகம். "உயிரோட இருந்தப்பயும் ஒரு வேலை உருப்படியாச் செய்யல" என்றாள், கொட்டகை முழுக்கக் கேட்க. "செத்தும் என் வீட்டு வாசல்ல வந்து உக்காரணுமோ? அவர் இருக்கிற வண்டியில என் பிள்ளையை அனுப்பமாட்டேன். பேச்சு முடிஞ்சுது."

பன்னிரண்டு தஸ்நேவிஸும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்பின் இறங்கினாள். கதவை மெதுவாக, தூங்குகிறவர் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி, சாத்தினாள்.

வெள்ளைக் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியே இன்ஸ்பெக்டர் இல்லாத வண்டி வாங்க வந்திருக்கிறாள் என்றால் அதைவிடப் பெரிய சான்று என்ன இருக்கிறது! மெற்றில்டா இடக்கதவைத் திறந்து பார்த்தாள், வலக்கதவைத் திறந்து பார்த்தாள், பின்கண்ணாடியில் ஒருதரம். உள்ளங்கையை சீட்டில் வைத்து அழுத்தித் தடவினாள். ரெக்சின் சூடாக, வெறுமையாக இருந்தது. "சுத்தம்!" என்று குணசீலன் கத்தினான். கூட்டமும் கத்தியது. ஒரு வருஷமாகக் குனிந்து நடந்தவளுக்கு அந்தச் சத்தம் காதில் தேனாக விழுந்தது, அதை என்ன சொல்ல.

சிக்கந்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, எதுக்கும் ஒரு தடவை ராம்ப்ல ஏத்திப் பாத்துருவோமே. இப்ப கரண்ட் இல்ல. சாயங்காலம் வந்துரும், அஞ்சு நிமிச வேலை."

"எதுக்கு?"

"மலை ஏறி இறங்குற வண்டில்லா."

"அவர் உள்ள உக்காந்திருக்காரா?"

"இல்லக்கா."

"பின்ன என்னத்தைப் பாக்கப் போற? உன் கடைக்கு வேலை வேணும்னா வேற ஆளைப் பாரு."

பழைய வண்டி வாங்குகிறவர் ஒருத்தரும் பார்க்கத் தன்னைக் கூப்பிடாததற்கு ஒரு வருஷமாகப் பழகிப்போயிருந்த சிக்கந்தர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். குணசீலன் பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதங்களை ரெண்டு கையாலும் நீட்டினான். "அம்மா, கான்வென்ட்ல படிச்சவங்க, ஒரு பார்வை பாத்துக்கிடுங்க." தெருவில் யாருக்கு பேங்க் பாரம் வந்தாலும், கோர்ட் நோட்டீஸ் வந்தாலும், பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வாசித்து, இன்னார் இன்ன இடத்தில் உங்களை ஏமாற்றுகிறான் என்று விரலை வைத்துக் காட்டுகிறவள் மெற்றில்டா. அவள் அந்த உறையை வாங்கினாள், பிரிக்கவில்லை, டேஷ்போர்டு பெட்டிக்குள் தூக்கிப் போட்டு மூடினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது.

டெல்பின் ஒன்பது நாள் அந்த வண்டியில் மலை ஏறி இறங்கினாள். முதல் ரெண்டு நாள் பயந்து ஓட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து எல்லாச் சுத்த வண்டிக்காரர்களையும் போல மூன்றாம் கியரில் இறங்கினாள். "மம்மி, முக்கால் மணி நேரத்துல வந்துட்டேன், பாத்தீங்களா" என்று சாவியை ஆட்டுவாள். மெற்றில்டா அவளுக்குச் சூடாகத் தோசை வார்ப்பாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தட்டுகள் சத்தமில்லாமல் வைக்கப்பட்டன. ஒரே ஒருநாள் டெல்பின் சாப்பிட்டுக்கொண்டே, "பின்சீட்டுதான் வெறிச்சுனு இருக்கு" என்றாள். "மார்க்கெட் பையை வச்சுக்கோ" என்றாள் மெற்றில்டா.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு போன் வந்தது. ஆறாம் வளைவு என்றார்கள். வண்டி நிற்கவில்லை என்றார்கள். பள்ளம் என்றார்கள். உடனே வாங்க என்றவர்கள், எதற்கு உடனே என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

கார் ஸ்டாண்டில் ஆறு வாடகைக் கார்கள் நின்றன. ஆறிலும் அவர் இருந்தார். வருஷா வருஷம் கையெழுத்து வாங்குகிற வண்டிகள் அல்லவா, இல்லாமல் எங்கே போவார். மெற்றில்டா முதல் வண்டியின் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் மாசானம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மாசானம் மெதுவாகத்தான் ஓட்டினான். முதல் வளைவில் ஹாரன் அடித்து, நின்று, எட்டிப் பார்த்து, ரெண்டாம் கியரில் திருப்பினான். ரெண்டாம் வளைவிலும் அப்படியே. "தம்பி, கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றாள் மெற்றில்டா.

"முடியாதும்மா. சார் இருக்காருல்லா. இதுல பதறக்கூடாது. பிரேக் போன வாரம் மாத்தினதுதான், ஆனாலும் பாத்துதான் போவணும்."

மூன்றாம் வளைவில் அவள் அவர் பக்கம் திரும்பினாள். கழுத்தோரம் சவரம் விட்டுப்போன நாலு முடி, எப்போதும் விட்டுப்போகிற இடத்தில். "உங்க மகதான்" என்றாள். "கேக்குதா? உங்க டெல்பின்." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானூறு வண்டியில உக்காரத் தெரிஞ்சுதே உங்களுக்கு. அந்த ஒரு வண்டியில ஏன் உக்காரல?" நாலாம் வளைவு, ஐந்தாம் வளைவு. "பதில் சொல்லும்" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள், முப்பது வருஷத்தில் ஒருநாளும் செய்யாத காரியம். பூட்டிக் கிடந்த அறையின் தலையணையை உலுக்கிய மாதிரி இருந்தது. மாசானம் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். ஆறாம் வளைவில் வண்டி நின்றபோது பள்ளம் இடப்பக்கம் இருந்தது. தஸ்நேவிஸ் பார்த்துக்கொண்டிருந்த பக்கம். கீழே மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ரோட்டோரம் ஏட்டையா நின்றிருந்தார், இன்னும் நாலைந்து எஸ்டேட் ஆட்கள், கயிறு கட்டி இறங்கியவர்களின் குரல் கீழேயிருந்து. ஏட்டையா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நீங்கதான் அம்மாவா? தூக்கிக்கிட்டு வாறாங்க. இந்தாங்க, வண்டிக்குள்ள கிடந்துச்சு, பேர் சரிதானான்னு பாருங்க" என்று பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

மெற்றில்டா ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். இப்போது வாசித்தாள். ஆர்.சி. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, வண்டி நிறத்தை, என்ஜின் நம்பரை, பொடி எழுத்தை எல்லாம் வாசித்தாள். பதினைந்து வருஷம் முடிந்து எஃப்.சி. வாங்கிய காகிதத்தை வாசித்தாள். பிரேக், திருப்தி. ஸ்டியரிங், திருப்தி. அடிப்பாகம், திருப்தி. கீழே தேதி. அவள் அந்தத் தேதியில் விரலை வைத்தாள். தஸ்நேவிஸை அடக்கம் பண்ணி நாலு மாசம் கழிந்த தேதி. கையெழுத்து அவருக்குப் பிறகு வந்த புது இன்ஸ்பெக்டருடையது, ஏ.சி. அறையை விட்டு வெளியே வராதவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டில் விளையாடுகிறவர், நல்ல திடகாத்திரமான மனுஷர்.

உயிரோடு இருக்கிறவர் எந்தப் பின்சீட்டிலும் உட்கார மாட்டார். அவர் பார்க்காமல் தள்ளிய வண்டிகள் எல்லாம் சுத்தமாக, வெறுமையாக, ஒவ்வொரு கொட்டகையிலும் நின்றுகொண்டிருக்கும். அவர் செத்தால்தான் தெரியும். அவருக்கோ முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. செத்தவருக்குப் பதிலாக வேறொருத்தர் வந்திருப்பார் என்பதையும், அவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பார் என்பதையும் ஊரே மறந்துபோயிருந்தது. ஊர் மறக்கட்டும். இவள் வாசிக்கத் தெரிந்தவள். விரலைத் தேதியில் வைக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் பெட்டிக்குள் ஒன்பது நாள் கிடந்தது.

மெற்றில்டா அழவில்லை. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள்.

கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரிப் போர்வை, தலையிலிருந்து கால்வரை மூடி, நாலு பக்கமும் செருகி. நர்ஸ் என்பதால் நல்ல போர்வையாக எடுத்துப் போட்டிருந்தார்கள். எஸ்டேட் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். மாசானம் காரிலிருந்து இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஏட்டையா அட்டையில் கிளிப் போட்ட ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மென்மையான மனுஷர், அவருக்கும் மகள் இருந்திருக்கும். "அம்மா, மேற்படி உடலைப் பார்வையிட்டு என் மகள்தான் என்று அடையாளம் சொல்கிறேன்னு இருக்கு. சும்மா முறைக்குத்தான். நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிட்டாங்க. இந்த இடத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

"பாக்காமலா?"

"பாக்க வேண்டாம்மா, நான் சொல்லுதேன். பாக்கிற மாதிரி இல்ல."

"ஆமக்கா, வேண்டாம்" என்று ஒரு எஸ்டேட் பெண் அவள் கையைப் பிடித்தாள். "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. முகத்தை நல்லபடியா மனசுல வச்சுக்கிடுங்க."

மெற்றில்டா அந்தக் கையை விலக்கினாள். கட்டிலின் பக்கத்தில் போய், வெறும் ரோட்டில், ஜல்லியும் மண்ணும் குத்த, முழங்கால் போட்டாள். செருகியிருந்த போர்வையை நாலு பக்கமும் உருவினாள். ஏட்டையா "அம்மா" என்றார். எஸ்டேட் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் போர்வையை முழுவதும் விலக்கினாள், தலையில் ஆரம்பித்தாள்; முடியைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், முகம் இருந்த இடத்தைப் பார்த்தாள்; தோள், கை, ஜீப்பில் சிராய்த்த முழங்கை, ஒவ்வொரு விரலும், வயிறு, கால், ஒரு செருப்பு, செருப்பில்லாத பாதம்; ஒன்றையும் விடாமல், எங்கேயும் கண்ணை மூடாமல், ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து சுற்றிப்போய் மறுபக்கம் குனிந்து பார்த்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. மேலேயிருந்து இறங்கி வந்த வண்டிகள் வரிசையாக நின்றன.

பிறகு போர்வையை இழுத்து மூடினாள். எழுந்து பேனாவைக் கேட்டாள்.